டயரைக் கழற்றிய கதை

மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தலைவலி நன்றாகத் தெரியும். டயரில் காற்று இறங்கிவிடும். கழற்றிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் டயர் ரிம்மை விட்டு வரவே வராது. பிளாஸ்டிக் லிவர் ஒன்று உடையும், இரண்டு உடையும், கட்டைவிரல் சிவந்து போகும். டயர் மட்டும் அசையாது. டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் வந்த பிறகு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

ஏதோ புதிய தொழில்நுட்பம் கொண்டுவந்த புதிய தொல்லை என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. காற்று டயர் பிறந்த நாளிலிருந்தே அதைக் கழற்றுவது எப்படி என்ற கேள்வியும் கூடவே பிறந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொன்னவர்கள் பெரிய கம்பெனிகளைக் கட்டினார்கள். பதில் தெரியாதவர், டயரையே கண்டுபிடித்தவராக இருந்தும், பெரிய பணம் பார்க்கவில்லை.

சீக்கிரம் வந்துவிட்ட தாம்சன்

காற்று டயர் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது டன்லப். ஆனால் அவருக்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே ஒருவர் இதைச் செய்துவிட்டார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ல் காற்று அடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அப்போது அவருக்கு வயது 23. ரப்பர் பூசிய துணியால் ஆன குழாய், அதன் மேல் தோல் உறை. தோல் உறை சக்கரத்தோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். 1847-ல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் குதிரை வண்டிகளில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். சத்தமும் இல்லை, குலுக்கலும் குறைவு.

ஆனாலும் வியாபாரம் ஆகவில்லை. காரணம் எளிது. மெல்லிய நல்ல ரப்பர் மலிவாகக் கிடைக்காத காலம் அது. சைக்கிள் என்ற வாகனமே இன்னும் சரியாகப் பிறக்கவில்லை. வாங்க ஆள் இல்லாத பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் என்ன பயன்? தாம்சன் 1873-ல் இறந்தார். அவருடைய டயரை உலகம் மறந்தே போனது. ஆனால் காப்புரிமைக் காகிதம் மட்டும் அலுவலகத்தில் பத்திரமாக இருந்தது. அந்தக் காகிதம் பிறகு ஒருவரின் கனவைக் கலைக்கப் போகிறது.

பெல்ஃபாஸ்ட் கால்நடை மருத்துவர்

ஜான் பாய்ட் டன்லப்பும் ஸ்காட்லாந்துக்காரர்தான். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்தார். 1887-ல் அவருடைய சிறு மகன் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிள், கல் பாவிய தெருவில் கடகடவென்று குலுங்கியது. கெட்டி ரப்பர் டயர்களின் காலம் அது. டன்லப் ஒரு மரத்தட்டை எடுத்தார், அதைச் சுற்றி ரப்பர் தகட்டால் ஆன குழாயை வைத்துத் துணியால் மூடினார், பம்பால் காற்றடித்தார். பிறகு மகனுடைய சைக்கிளின் பழைய சக்கரத்தையும் இந்தப் புதிய தட்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டுப் பார்த்தார். காற்றடைத்தது அதிக தூரம் ஓடியது.

1888-ல் காப்புரிமை கிடைத்தது. 1889 மே மாதம் பெல்ஃபாஸ்டில் நடந்த சைக்கிள் பந்தயத்தில் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்த டயரோடு களம் இறங்கினார். பருத்த டயரைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். பந்தயம் முடிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ஹியூம் ஜெயித்தார், பிறகு இங்கிலாந்துக்குப் போய் அங்கேயும் ஜெயித்தார். டப்ளினைச் சேர்ந்த காகித வியாபாரி ஹார்வி டு க்ராஸ் இந்தச் செய்தியைக் கவனித்தார். சைக்கிள் பந்தயக் குடும்பம் அவருடையது. அதே வருடம் டப்ளினில் டயர் கம்பெனி தொடங்கியது. டு க்ராஸ் தலைவர், டன்லப் பங்குதாரர்.

இங்கே ஒரு சிக்கல். டன்லப்பின் டயர் வேகமாக ஓடியது, சொகுசாக ஓடியது. ஆனால் அதைக் கழற்ற முடியாது! டியூபை மூடிய துணியின் ஓரங்களை ரிம்மைச் சுற்றிக் கட்டுப் போட்ட மாதிரி இழுத்து, பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பஞ்சர் ஆனால் அத்தனை கட்டையும் பிரிக்க வேண்டும். ஒட்டிய பிறகு மறுபடி சுற்றிப் பசை போட்டு, காயும்வரை காத்திருக்க வேண்டும்.

மூன்று மணி நேரமும் ஓர் இரவும்

1889-ல் பிரான்சின் க்ளேர்மோன் ஃபெரான் நகரில் இருந்த ஒரு தொழிற்சாலைக்கு ஓர் ஆங்கிலேயர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டன்லப் டயர், பஞ்சர். அந்தத் தொழிற்சாலை விவசாயக் கருவிகளும் ரப்பர் சாமான்களும் செய்துகொண்டிருந்தது. நலிந்துபோயிருந்த அந்தக் குடும்பத் தொழிலை அப்போதுதான் அண்ணன் தம்பி இரண்டு பேர் கையில் எடுத்திருந்தார்கள். அண்ணன் ஆந்த்ரே இன்ஜினியர். தம்பி எதுவார் ஓவியம் படித்தவர். குடும்பப் பெயர் மிஷ்லின்.

டயரைப் பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம் ஆனது. பசை காய ஓர் இரவு முழுக்க. மறுநாள் காலை எதுவார் ஆசையோடு அந்த சைக்கிளில் ஏறி ஓட்டிப் பார்த்தார். சில நூறு மீட்டர் போனதும் மறுபடி பஞ்சர்.

வேறு ஒருவராக இருந்தால் இந்த டயரே வேண்டாம் என்று சொல்லியிருப்பார். எதுவார் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சில நூறு மீட்டரில் காற்றின் மேல் மிதப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. டயரில் குறை இல்லை, அதை மாட்டியிருக்கும் விதத்தில்தான் குறை என்று புரிந்துகொண்டார். ரிப்பேர் செய்ய நிபுணர் தேவைப்படக் கூடாது, ஓட்டுபவரே வழியில் உட்கார்ந்து செய்துகொள்ள வேண்டும். 1891-ல் மிஷ்லின் சகோதரர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயருக்குக் காப்புரிமை எடுத்தார்கள். அதில் டியூப் தனி, மேலுறை தனி. உறை ரிம்மோடு பசையால் அல்ல, திருகுகளால் பிடிக்கப்பட்டிருந்தது. ஒரு பஞ்சர் பார்க்கக் கால் மணி நேரம் போதும்.

பாரிஸ் - பிரெஸ்ட் - பாரிஸ்

அதே வருடம் செப்டம்பரில் பிரான்சில் ஒரு பெரிய பந்தயம் வந்தது. லெ பெத்தி ஜூர்னல் பத்திரிகை நடத்தியது. பாரிஸில் கிளம்பி, மேற்குக் கடற்கரையில் உள்ள பிரெஸ்ட் வரை போய், மறுபடி பாரிஸ் திரும்ப வேண்டும். சுமார் 1200 கிலோமீட்டர். சாலைகள் இன்றைய சாலைகள் அல்ல, குதிரை லாட ஆணிகள் சிதறிக் கிடக்கும் மண் சாலைகள். இருநூறு பேருக்கு மேல் கிளம்பினார்கள்.

ஷார்ல் தெரோன் என்ற வீரர் மிஷ்லின் டயரில் ஓட்டினார். அவருக்குப் போட்டியாக முன்னால் போய்க்கொண்டிருந்த ஷீயல் லவால் ஓட்டியது டன்லப் டயர். தெரோனுக்கு வழியில் பஞ்சர் ஆகாமல் இல்லை. ஆனால் ஆன இடத்திலேயே சரி செய்துகொண்டு கிளம்ப முடிந்தது. திரும்பும் வழியில் ஷீயல் லவால் ஓரிடத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தெரோன் சத்தமில்லாமல் அவரைத் தாண்டிவிட்டார். பாரிஸை அடைந்தபோது மொத்தம் சுமார் 71 மணி நேரம் ஆகியிருந்தது. இரண்டாவதாக வந்தவர் பல மணி நேரம் பின்தங்கியிருந்தார்.

அடுத்த வருடம் மிஷ்லின் இன்னும் ஒரு படி மேலே போனது. 1892-ல் பாரிஸிலிருந்து க்ளேர்மோன் ஃபெரானுக்கு ஒரு பந்தயத்தைத் தானே நடத்தி, வழியில் ஆணிகளைத் தூவ வைத்தது! எல்லோருக்கும் பஞ்சர் ஆக வேண்டும், எல்லோரும் சட்டென்று சரி செய்துகொண்டு போவதை ஊர் பார்க்க வேண்டும். 'எங்கள் டயர் பஞ்சர் ஆகாது' என்று அவர்கள் பொய் சொல்லவில்லை. 'ஆனால் ஆகட்டும், கழற்றிவிடலாம்' என்றார்கள். விளம்பரத் துறை மாணவர்கள் படிக்க வேண்டிய பாடம் இது.

ஒரு கம்பியும் ஒரு பள்ளமும்

மிஷ்லினின் திருகுகள் இன்று இல்லை. இன்று நாம் பார்க்கும் சைக்கிள் டயர் வேறு இரண்டு பேரின் யோசனை. இருவரும் 1890-ன் கடைசி மாதங்களில், சில வார இடைவெளியில் காப்புரிமை கேட்டார்கள்.

ஒருவர் எடின்பரோவில் நார்த் பிரிட்டிஷ் ரப்பர் கம்பெனியை நடத்திய வில்லியம் பார்ட்லெட். அவருடைய டயரின் ஓரம் கொக்கி மாதிரி தடித்திருக்கும். ரிம்மின் ஓரமும் உள்பக்கமாக மடிந்திருக்கும். காற்றடித்தால் ஒன்றை ஒன்று கவ்விக்கொள்ளும்.

இன்னொருவர் சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச். இவருடைய யோசனைதான் இந்தக் கட்டுரையின் உயிர். டயரின் இரு ஓரங்களிலும் நீளாத கம்பி வளையம் ஒன்றை வைத்தார். இதைத்தான் இன்று பீட் என்கிறார்கள். வளையத்தின் சுற்றளவு ரிம்மின் வெளி விளிம்பை விடச் சின்னது. எனவே காற்றடித்தால் டயர் தாண்டி வெளியே வர முடியாது. சரி, நீளாத கம்பி, அதுவும் ரிம்மை விடச் சின்னது. அப்படியானால் எப்படி உள்ளே மாட்டுவது? எப்படிக் கழற்றுவது?

அதற்கும் வெல்ச் பதில் வைத்திருந்தார். ரிம்மின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம். கம்பியின் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துக்குள் தள்ளினால், எதிர்ப் பக்கத்தில் கம்பி தளர்ந்து வெளியே வரும். அவ்வளவுதான். திருகு வேண்டாம், பசை வேண்டாம், பலம்கூட அதிகம் வேண்டாம்.

கணக்குப் போட்டால் இதன் அருமை தெரியும். டயரின் ஓரம் உட்காரும் மேடையை விடப் பள்ளம் 3 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஆரத்தில் 3 மில்லிமீட்டர் குறைந்தால் சுற்றளவில் சுமார் 19 மில்லிமீட்டர் குறையும். அதாவது கம்பி முழுக்கப் பள்ளத்தில் இறங்கினால் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் தளர்வு கையில் கிடைக்கிறது. நீளாத கம்பியை நீட்டாமலேயே நீளமாக்கும் வித்தை!

நம் ஊர் சைக்கிள் கடையில் சக்கரத்தைக் கழற்றாமலேயே டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்துப் பஞ்சர் ஒட்டுகிறார்களே, அந்த வேலை நடப்பதும் இந்தக் கம்பியையும் பள்ளத்தையும் நம்பித்தான்.

லாபம் யாருக்கு?

காப்புரிமை வாங்கி இரண்டு வருடத்தில், 1890-ல், டன்லப்புக்கு ஓர் இடி விழுந்தது. உங்கள் காப்புரிமை செல்லாது, தாம்சன் என்பவர் 1845-லேயே இதைப் பதிவு செய்துவிட்டார் என்று தெரியவந்தது. கம்பெனி இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஆனால் அடிப்படைச் சொத்தான உரிமை கையில் இல்லை. யார் வேண்டுமானாலும் காற்று டயர் செய்யலாம் என்ற நிலை.

டு க்ராஸ் நல்ல வியாபாரி. காற்று டயரின் உரிமை போனால் என்ன, அதைக் கழற்றி மாட்டும் முறையின் உரிமை இருக்கிறதே! வெல்ச்சின் காப்புரிமையைக் கம்பெனி வாங்கியது. பார்ட்லெட்டின் உரிமையும் பின்னர் கம்பெனியின் கைக்கு வந்தது. ஆக, டன்லப் என்ற பெயரில் ஓடிய கம்பெனியை உண்மையில் காப்பாற்றியது டன்லப்பின் கண்டுபிடிப்பு அல்ல. 1904 வரை உயிரோடு இருந்த அந்த உரிமைகள்தான்.

1896-ல் எர்னெஸ்ட் டெரா ஹூலி என்ற நிதித் தரகர் கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு வாங்கினார். கொஞ்ச நாளில் அதையே 50 லட்சம் பவுன் மதிப்பில் பொதுமக்களிடம் பங்குகளாக விற்றார். இங்கிலாந்தில் எல்லோரும் சைக்கிள் பங்கு வாங்க அலைந்த காலம் அது. அடுத்தடுத்த வருடங்களில் அந்த மோகம் அடங்கியது. 1898-ல் ஹூலியே திவாலானார். தன் கம்பெனிகளுக்குக் கௌரவம் சேர்க்கப் பிரபுக்களுக்குப் பணம் கொடுத்து இயக்குநர் நாற்காலியில் உட்கார வைத்த விஷயமெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

டன்லப் எங்கே? அவர் 1895-லேயே கம்பெனியை விட்டு விலகி, தன் பங்குகளில் பெரும்பகுதியை விற்றுவிட்டார். அடுத்த வருடம் நடந்த அந்தப் பெரிய பேரத்தில் அவருக்குச் சொல்லும்படியாக எதுவும் இல்லை. 1921-ல் டப்ளினில் இறந்தார். அவருடைய பெயர் மட்டும் உலகமெல்லாம் சுற்றியது, சென்னை அம்பத்தூர் தொழிற்சாலை வரைக்கும் வந்தது.

மலைக்குப் போன சைக்கிள்

இதற்குப் பிறகு எழுபது எண்பது வருடம் சைக்கிள் டயரின் அடிப்படையில் பெரிய மாற்றம் இல்லை. அடுத்த திருப்பம் அமெரிக்காவில் வந்தது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், தடித்த பலூன் டயர் போட்ட பழைய கனமான சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, மலைச்சரிவில் கண்மண் தெரியாமல் ஓட்டினார்கள். 1976-ல் 'ரீபேக்' என்ற சரிவுப் பந்தயம் தொடங்கியது. ஜோ ப்ரீஸ், கேரி ஃபிஷர், டாம் ரிட்சி, சார்லி கெல்லி போன்றவர்கள் கைவைத்து வளர்த்த அந்த விளையாட்டிலிருந்துதான் மவுண்டன் பைக் பிறந்தது.

மலையில் ஒரு புதிய பஞ்சர் அறிமுகமானது. கல்லில் வேகமாக மோதும்போது டயர் நசுங்கி, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் மாட்டிக்கொள்ளும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. தவிர்க்க வேண்டுமென்றால் காற்றை அதிகம் அடிக்க வேண்டும். அதிகம் அடித்தால் டயர் கல்லின் மேல் துள்ளும், பிடிப்பு போய்விடும். டியூபே இல்லாவிட்டால் கடிபட எதுவும் இல்லை அல்லவா? காரில் இது ஏற்கெனவே நடந்திருந்தது. அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனியைச் சேர்ந்த ஃப்ராங்க் ஹெர்ஸெக் 1952-ல் டியூப்லெஸ் கார் டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1950-களின் நடுவில் அமெரிக்கப் புதிய கார்கள் எல்லாம் டியூபைக் கைவிட்டன.

சைக்கிளுக்கு அது 1999-ல் வந்தது. பிரான்சின் மாவிக், ஹட்சின்சன், மிஷ்லின் ஆகிய மூன்று கம்பெனிகள் சேர்ந்து யுஎஸ்டி என்ற டியூப்லெஸ் முறையை வெளியிட்டன. ஆமாம், நூறு வருடத்துக்கு முன் 'கழற்றினால்தான் டயர்' என்று உலகத்துக்குக் காட்டிய அதே மிஷ்லின்தான்.

டியூப் போனது, இறுக்கம் வந்தது

டியூப் இருந்தவரை காற்றைப் பிடித்து வைப்பது டியூபின் வேலை. டயரின் ஓரம் கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் குற்றமில்லை. டியூப் போனதும் அந்த வேலை ஓரத்தின் தலையில் விழுந்தது. டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிகூட இருக்கக் கூடாது. அதனால் அளவுகளை இறுக்கினார்கள். பள்ளத்துக்கும் ஓரம் உட்காரும் மேடைக்கும் நடுவில் ஒரு சிறு வரப்பும் வைத்தார்கள். காற்றடிக்கும்போது ஓரம் அந்த வரப்பைத் தாண்டி 'டப்' என்ற சத்தத்தோடு மேடையில் ஏறும். ஏறினால் இறங்காது. காற்று குறைந்தாலும் டயர் கழன்று ஆளைத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது.

ஓரத்தில் கம்பிக்குப் பதிலாகக் கெவ்லர் போன்ற இழைகளும் வந்துவிட்டன. டயரை மடித்துப் பையில் வைக்கலாம். ஆனால் இழையும் கம்பி மாதிரியே நீளாது. பிறகு திரவ ரப்பர் வந்தது. 2001-ல் அமெரிக்காவின் ஸ்டான் கோசியாடெக் தொடங்கிய கம்பெனி இதைப் பிரபலமாக்கியது. டயருக்குள் ஊற்றி வைத்தால் சின்ன ஓட்டைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். சாதாரண ரிம்மில்கூட டேப் ஒட்டி டியூப் இல்லாமல் ஓட்டலாம். ஆனால் அந்தத் திரவம் காய்ந்தால் டயரின் ஓரத்தை ரிம்மோடு ஒட்டிவிடும். டன்லப்பின் பசை நூறு வருடம் கழித்து வேறு வழியாகத் திரும்பி வந்துவிட்டது!

பழைய பள்ளமே வழி

இப்படி இறுகிய டயரைக் கழற்ற முரட்டுத்தனமாக லிவரைப் போட்டு நெம்புவதுதான் பெரும்பாலானோர் செய்வது. லிவர் உடையும், அல்லது ரிம் டேப் கிழியும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் ரிம்மே போய்விடும், கார்பன் ரிம் என்றால் கேட்கவே வேண்டாம்.

வெல்ச்சின் கணக்கு தெரிந்தவர் வேறு மாதிரி செய்வார். முதலில் காற்று முழுவதையும் வெளியேற்றுவார். பிறகு டயரின் பக்கத்தைக் கட்டைவிரல்களால் உள்நோக்கி அழுத்தி, ஓரத்தை வரப்பைத் தாண்டிப் பள்ளத்தில் விழ வைப்பார். விரலுக்கு மசியாவிட்டால் சக்கரத்தைத் தரையில் படுக்க வைத்து, ரிம்மில் படாமல் டயரின் மேல் மட்டும் காலால் மிதிப்பார். காய்ந்த திரவம் பிடித்திருந்தால் சோப்புத் தண்ணீர் விடுவார். ஓரிடத்தில் இறங்கினால் போதாது, இரண்டு பக்கமும் சுற்றிலும் இறங்க வேண்டும்.

அடுத்தது வால்வ். வால்வின் அடிப்பகுதி பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அந்த இடத்தில் ஓரம் பள்ளத்தில் இறங்காது. எனவே வால்வுக்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, இரண்டு கைகளாலும் ஓரத்தைப் பள்ளத்தோடு அழுத்திக்கொண்டே வால்வை நோக்கி வர வேண்டும். சேர்ந்த தளர்வு முழுவதும் வால்வுப் பக்கம் வந்து நிற்கும். லிவர் போட வேண்டிய இடம் அதுதான். பாதி நேரம் ஒரே லிவரில் வேலை முடிந்துவிடும்.

இதெல்லாம் செய்தும் வராத டயர்கள் உண்டு. டேப்பைப் பல சுற்று ஒட்டினால் பள்ளம் மேடாகிவிடும். ரிம்மைக் காக்க டயருக்குள் நுரை வளையம் வைத்தால் பள்ளத்தில் இடமே இருக்காது. சில ரிம்களில் பள்ளமே ஆழம் போதாது. ஒவ்வொன்றிலும் குறைவது அந்தச் சில மில்லிமீட்டர் தளர்வுதான். டயர் இறுக்கமாக இருக்கிறது என்று டயரைத் திட்டுவதற்கு முன் ரிம்மின் நடுவில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

ரப்பரும் ரிம்மும் கம்பியும் எவ்வளவோ மாறிவிட்டன. நடுக்காட்டில் காற்றுப்போன சக்கரத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு இன்றும் கைகொடுப்பது 1890-ல் வெல்ச் வரைந்து கொடுத்த அந்தப் பள்ளம்தான். டன்லப்பின் பெயர் தெரிந்த அளவுக்கு அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை டயர் 'சட்'டென்று கையோடு வரும்போதாவது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.